புள்ளி

பிப்ரவரி. வெட்டர்ன் ஏரி பாதி உறைந்திருந்தது.
சுடுதளத்துக்குள் ஒரு மூஸ் மான் வந்து நின்றது.
சிவப்புக் கொடி பற்றி அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாற்பது நிமிடம் எல்லாம் அதற்காகக் காத்திருந்தன:
மின்தேக்கிகள்,
குழலுக்குள் குளிர்ந்துகொண்டிருந்த தோட்டா,
மரச்சட்டத்தில் மார்பு உயரத்தில் கட்டிவைத்த பீங்கான் தகடு.
அந்த வகையில் அது ஒன்றுதான் மிச்சம்.
துரே, டியூபிலிருந்து மீன்முட்டைப் பசையை
மொறுமொறு ரொட்டியில் பிதுக்கிக்கொண்டிருந்தான்.

இங்கெலா ஸ்ட்ரோலே நேரங்களைத் தட்டினாள்.
கதிர் பாய்ந்தபின் கேமரா எப்போது இமை திறப்பது,
எப்போது மூடுவது.
பதினோரு ஆண்டாய் அதே எண்கள்.
விரல் போட்டுவிடும், கண் பார்க்காது.

தோட்டா தகட்டைத் தொட்டதும்
நெருப்பும் தூசும் எழுந்து எல்லாவற்றையும் போர்த்திவிடும்.
வெறும் கண்ணுக்கு அங்கே ஒரு வெள்ளைப் பொய்தான்.
அதனால் எக்ஸ் கதிர்.
ஒரே துடிப்பு.
நொடியைக் கோடித் துண்டாய் நறுக்கி
ஒரு துண்டில் கால்வாசி எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு.
அது புகையைப் பொருட்படுத்தாது,
பீங்கானில் கொஞ்சம் யோசிக்கும்,
உலோகத்தின் முன் தயங்கும்.
அந்தத் தயக்கம்தான் படம்.

கேமராவுக்கோ கதிரின் மொழி தெரியாது.
காடோலினியம் பூசிய திரை ஒன்று
கதிரை வாங்கிப் பச்சை ஒளியாய்ச் சொல்லும்.
அதையும் கேமரா நேரே கேட்பதில்லை.
ஈயச் சுவருக்குப் பின்னே ஒதுங்கி உட்கார்ந்து
சாய்த்து வைத்த கண்ணாடியில் பார்க்கிறது,
பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் நடப்பதை
ஜன்னல் ஓரமாய்ப் பார்ப்பதுபோல.

"மந்தம்" என்பான் துரே அந்தத் திரையை.
"சொன்னதையே சொல்லிக்கொண்டு நிற்கும்."
புதிய படிகத்துக்கான ஆணைப் படிவம்
மூன்று வாரமாய் இங்கெலாவின் மேசையில்,
காபிக் கோப்பைக்கு அடியில்.

மான் போனது.
சங்கு ஊதியது.
சத்தம் காதுக்கு முன் கான்கிரீட் வழியே பாதத்துக்கு வந்தது.

படம்: கருப்பு.

அவள் எண்ணைப் பார்த்தாள்.
5.00 இருக்க வேண்டிய இடத்தில்
500.

எங்கள் எழுத்தில்
புள்ளியை எடுத்தால் மெய்யில் உயிர் ஏறும்.
அவள் எண்ணில் புள்ளி விழாததால்
ஐந்து மைக்ரோ நொடி ஐந்நூறாகி,
கேமரா கண் விழித்தபோது
கதிர் வந்துபோன கதை
பழங்கதையாகியிருந்தது.

துரே ஒன்றும் சொல்லவில்லை.
மேசையில் சிதறிய ரொட்டித் துகளை
உள்ளங்கையில் கூட்டி, எங்கே போடுவதென்று தெரியாமல்
அப்படியே வைத்திருந்தான்.

அவள் பின்னணியைக் கழித்தாள்.
கருப்பை இழுத்து இழுத்து வெளுக்க வைத்தாள்.
மணலை வாரி இறைத்தாற்போல் இரைச்சல்.
இன்னும் கொஞ்சம்.
இரைச்சலுக்குள் ஏதோ சாய்ந்திருக்கிறது.

தோட்டா.
மூன்று டிகிரி மூக்கைத் தூக்கி,
தகட்டுக்குள் பாதி புதைந்து,
எதிரே கூம்பாய் விரியும் பீங்கான் நொறுங்கலோடு.

கேமரா இதைப் பார்த்த கணத்தில்
தோட்டா நசுங்கி நின்று வெகுநேரம் ஆயிற்று.
திரை மட்டும்
அதை இன்னும் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது.

புதிய படிகமாய் இருந்தால்
நாற்பது நானோ நொடியில் மறந்திருக்கும்.
இதை இருவரும் அறிவார்கள். இருவரும் சொல்லவில்லை.
யாரோ ஒருவர் இந்தத் தகட்டை
நாளை சட்டைக்குமேல் மாட்டிக்கொள்ளப் போகிறார்,
அவருக்கு இந்த மூன்று டிகிரி தேவைப்படும்.

பதிவேட்டில் எழுதினாள்:
தாமதம் 500. தவறு என்னுடையது. படம் இருக்கிறது, மங்கல்.

பிறகு கோப்பையை நகர்த்திப் படிவத்தை எடுத்தாள்.
அடுத்த ஆண்டு ஒரே சுடுதலில் இரண்டு படம் வேண்டும்.
மறக்காத திரையில்
முதல் படம் இரண்டாவதன்மேல் விழுந்து கெடுக்கும்.
வேறு வழியில்லை.

கையெழுத்திட்டாள்.
ஸ்ட்ரோலே என்ற பெயரின் நடுவே
ஓர் எழுத்தின் தலையில் உட்காரும் சின்ன வட்டத்தை
பேனாவைத் தூக்கி, நிதானமாய்,
தனியே போட்டாள்.